ஒன்பதாம் அறையின் சாவி

செவாரேயில் எங்கள் விடுதிக்குப் பன்னிரண்டு அறை.
ஒவ்வொரு சாவியிலும் மரத்தில் செதுக்கிய முதலை.
சாவி தொலையாமலிருக்க முதலாளி கண்ட வழி:
சட்டைப்பையில் முதலையோடு
எவன் விமானம் ஏறுவான் என்றார்.
ஏறினார்கள். மூன்று முதலைகள் ஐரோப்பாவில் இருக்கின்றன.

குளிர்மாதங்களில் மொட்டைமாடிக்கும் வாடகை அப்போது.
கொசுவலைக்குள் படுத்து நட்சத்திரம் பார்க்க
ஆளுக்கு மூவாயிரம் ஃபிராங்க்.
வழிகாட்டி அம்பேரே ஆறு மொழியில் சொல்வான்:
'பாறையென்று காலை வைக்காதீர்கள்,
அது யாரோ ஒருவருடைய வீட்டுக்கூரை.'
இப்போது வெங்காயம் ஏற்றுகிறான்.
கழுதை அடம்பிடித்தால் ஜப்பானிய மொழியில் கெஞ்சுகிறான்.
அந்த மொழியில் திட்டுவதற்கு
யாரும் கற்றுத்தரவில்லையாம்.

தூதரகங்கள் ஒரு வரைபடம் போடும்.
முதலில் நாங்கள் மஞ்சள்.
மஞ்சளுக்கும் சிலர் வந்தார்கள்,
ஊர் திரும்பிச் சொல்ல ஒரு கதை வேண்டுமென்று.
பிறகு ஆரஞ்சு.
வடக்குச் சாலையில் ஒரு வெள்ளைக்காரரைக் கடத்தினார்கள்,
ஒரே இரவில் சிவப்பு.
அடுத்த மாதம் திங்கட்சந்தைக்குப் போன லாரி
கண்ணிவெடியில் போனது.
பதினேழு பேர், இருபது ஆடு,
விலைபோகாமல் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தையல் இயந்திரம்.
வரைபடம் மாறவில்லை.
சிவப்புக்கு மேல் என்ன சிவப்பு?

சுட்டதெல்லாம் சில நிமிடம்தான்.
அப்புறம் நடந்ததில் சத்தமே இல்லை.
சலவைக்காரி கும்பா வரவில்லை.
ரொட்டிக்காரன் எங்கள் கணக்கை மூடினான்.
படகுக்காரன் பொகார் என்ஜினைக் கழற்றி
மாவு மில்லுக்கு விற்றான்.
முதலாளி பமாக்கோவிலிருந்து போன் செய்வதை நிறுத்தினார்.
சம்பளம் நின்ற பிறகும் நான் வந்தேன்.
தினம் ஓர் அறையில் குழாயைத் திறப்பேன்.
முதலில் காற்று இருமும், அப்புறம் துரு,
அப்புறம்தான் தண்ணீர்.

ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.
அந்த நேரத்தில் தட்டினால்
எங்கள் ஊரில் இப்போது யாரும் திறப்பதில்லை.
ஆனால் முன்பு பமாக்கோ பேருந்து
அந்த நேரத்துக்குத்தான் வரும்.
கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது.

யாசிகின் என்று ஒருத்தி. நான்கு பிள்ளைகள்.
கையில் ஒரு பானை மூடி. பானை இல்லை.
அவளுக்குப் பின்னால் இருட்டு முழுக்க ஆட்கள்.

வேறென்ன செய்வதென்று தெரியாமல்
பதிவேட்டை எடுத்தேன்.
பெயர்: எழுதினேன்.
எங்கிருந்து: சொன்னாள்.
அம்பேரே கூட்டிப்போகும் ஊர்.
என் தலைக்கு மேல் சுவரொட்டியில்
மாலை வெயிலில் நிற்கிறது.
அவளும் பார்த்தாள். எட்டி, மூன்றாவது குதிர்மேல் விரல் வைத்து,
'இது எங்களுடையது' என்றாள்.
எங்கே போகிறீர்கள்:
பயணத்தின் நோக்கம்:
எத்தனை இரவு:

கடைசிப் பிள்ளை மேசைமேல் கை நீட்டி
முதலை வேண்டுமென்றது.
ஏழாம் எண். கொடுத்தேன்.

நேற்று போலந்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ஹலினா.
'ஒன்பதாம் அறையின் முதலை என்னிடம் இருக்கிறது,
இத்தனை வருடமாக வெட்கம்.
ஜனவரியில் கொண்டுவந்து தரட்டுமா?
இப்போது ஆபத்தில்லையே?'

மூன்று முறை எழுதி அழித்தேன்.
வாருங்கள் என்று எழுதச்சொல்லி
என் கடன்கள் எல்லாம் கெஞ்சின.
நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற அக்கா வீட்டுக்கு
நானே போய் ஐந்து வருடம்.
கடைசியில் பழைய வாசகத்தையே அனுப்பினேன்,
சீசனில் தினம் பத்துத் தடவை
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதியது:
மன்னிக்கவும், அறை காலியில்லை.

அனுப்பிய பிறகு இன்னொன்று எழுதினேன்.
சாவி உங்களிடமே இருக்கட்டும்.
ஒன்பதாம் அறையில் பதினோரு பேர் தூங்குகிறார்கள்,
கதவைப் பூட்டினால்
குழந்தைகள் அலறுகின்றன.