ஷாட் தடைக்காலம்

சாட்ஸ்வொர்த்தில்
கோழிக்கடைக்கும் திரைச்சீலைக் கடைக்கும் நடுவே
பத்தடி அகலத்தில் என் கடை.
பழைய கேம் பெட்டிகளை வாங்குவேன், துடைப்பேன், விற்பேன்.
விலை போகாதவை மேல்தட்டுக்கு ஏறிவிடும்.

அங்கே ஒரு ஜோடி மரக்காஸ்,
குலுக்கினால் சத்தமில்லை, உள்ளே ஒயர்தான்.
வலப்பக்கம் மட்டும் திரும்பும் ஒரு ஸ்டியரிங்.
குண்டு டிவியை மட்டுமே சுடத் தெரிந்த துப்பாக்கி,
குண்டு டிவியோடு அதன் பகையும் முடிந்தது.
பிறகு நடனப் பாய்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இதில் கூடம் நிஜமாகவே கோணல்:
இடது அம்பை மிதித்தால்
மேல் அம்பு எரியும்.

பள்ளி விட்டதும் சாலிடர் பிடிக்க வரும் லுங்கெலோ
அண்ணாந்து பார்த்துச் சொல்வான்:
"ஒரே ஒரு விளையாட்டுக்கு ஒரு சாமானா?
காசு பிடுங்கும் வித்தை, ஆன்ட்டி."
நான் கேட்பேன்:
நீ உயிராய் வைத்திருக்கிறாயே, அந்த இரண்டு குச்சி?
முதல் நாள் அதையும் யாரோ
சிரித்துக்கொண்டுதானே தொட்டிருப்பார்கள்?
கட்டைவிரலுக்குக் கோயில் கட்டியது யார்?
அவன் புகையை ஊதிவிட்டுக் குனிந்துகொள்வான்.
எனக்கும் பதில் தெரியாது.
தட்டு காலியாக வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் கடைசியில் ஒரு பெண்
முப்பது ராண்டுக்குத் தூண்டில் ஒன்றைத் தள்ளிவிட்டுப் போனாள்.
முழங்கை நீளம். நுனி கிடையாது, நூல் கிடையாது.
சுற்ற ஒரு கைப்பிடி,
மீன் கடித்தால் நடுங்க உள்ளே ஒரு குட்டி மோட்டார்.
எண்பது என்று எழுதி ஒட்டினேன்.
அடித்து அறுபது என்றேன்.
நாற்பதுக்கும் ஆளில்லை.

என் வீட்டுக்காரர் தயாளனுக்குக் கடல் என்றால் ஷாட்.
அக்டோபரும் நவம்பரும் அதைப் பிடிக்கத் தடை.
வேறு மீன் பிடிக்கலாமே என்றால்
வேறு பெண்டாட்டி கட்டலாமே என்று சொன்னதுபோல் பார்ப்பார்.
புளூ லகூனுக்குப் போகும் நாலு மணி அலாரம்
தடைக்காலத்திலும் அடிக்கும்.
எழுந்து உட்கார்ந்து, பிறகு படுப்பார்.

தூண்டிலைக் காட்டினேன்.
"நூலில்லாத தூண்டிலா? அடுத்து என்ன,
மாவில்லாத ரொட்டியா?"
சிரித்ததில் புரையேறியது.

நாலாம் நாள் இரவு
ஹாலில் டிவி வெளிச்சம்.
சோபா காலியாக இருக்க
அவர் நின்றுகொண்டிருந்தார்,
அலை வந்து முட்டும் பாறையில் நிற்பதுபோல்
காலை அகட்டி, இடது முழங்காலை லேசாய் மடக்கி.
திரையில் ஏதோ ஊரின் ஏரி, ஏதோ பெயரில் நீல மீன்.
"இதுக்கு இழுக்கவே தெரியல" என்று திட்டினார்.
"ஷாட் முதல்ல வெட்டும், விடும், அப்புறம்தான் கவ்வும்.
இந்த மோட்டாருக்கு ஒரே நடுக்கம்தான் தெரியும்."
திட்டினாரே தவிர உட்காரவில்லை.

எட்டரைக்கு லோட்ஷெடிங்.
ஏரி போனது, மீன் போனது,
தெருவே போனது.
இருட்டில் ஒரு சத்தம் மட்டும்,
கிரிக், கிரிக், கிரிக்.
சுற்றிக்கொண்டே இருந்தார்.
மெழுகுவத்தி தேடிய என் கை நின்றது.
"போயிடுச்சு" என்றார்.
"கரண்ட்தானே, வந்திடும்."
"பெரிசு" என்றார்.

மறுநாள் விலைச்சீட்டைக் கிழித்தேன்.
லுங்கெலோ ஒருமுறை கேட்டான்,
வித்துப்போச்சா?
ஆமாம் என்று சொன்னேன், கணக்கில் எழுதவில்லை.

டிசம்பர் ஒன்று. நாலு மணி அலாரம்.
நிஜத் தூண்டில், வாளி, மத்தி இரை எல்லாம்
காரில் ஏறிப் போய்விட்டன.
ஹாலில், டிவி பக்கத்தில்
அந்த முழங்கை நீளச் சாமான் கிடந்தது.
எடுத்தேன். ஒயர் எதிலும் செருகியிருக்கவில்லை.
நான் வாழ்நாளில் ஒரு மீன் பிடித்ததில்லை,
பாறைமேல் நின்றதுகூட இல்லை.
ஆனால் காலை எவ்வளவு அகட்ட வேண்டும்,
எந்த முழங்கால் மடங்க வேண்டும் என்பது
எப்படியோ தெரிந்திருந்தது.