பீன்யாவில் ஒரு செவிச்சோதனை

பீன்யா, இரண்டாவது ஸ்டேஜ்.
நூறு டன் பிரெஸ் இறங்கி ஏறும் இடைவெளியில்
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
அதையும் யாரும் குரலில் அனுப்புவதில்லை.
மேஸ்திரியின் கன்னடம் மீசைக்குக் கீழே அசையும்.
ஒடிசாப் பையனின் இந்தி குட்காச் சிவப்பில் வரும்.
எதிர் மெஷின் சகாயராணியின் தமிழ்
எனக்கு மட்டும்.

பதினோரு வருஷம் காதால்தான் கேட்கிறேன் என்று
நம்பிக்கொண்டிருந்தேன்.
முகக்கவசம் வந்த வருஷம்
எல்லாருடைய பேச்சும்
மூக்குக்குக் கீழே காணாமல் போனது.

இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, நாலாவது மாடி.
ஹெட்போன் மாட்டிவிட்ட பெண்
திரையில் ஒரு வாயைக் காட்டினாள்.
என்ன கேக்குது?
தா.
கண்ண மூடிக்கங்க.
பா.
திறந்தேன், தா. மூடினேன், பா.
அவள் சிரித்தாள்:
காதுக்குப் போறது பா,
உதடு காட்டுறது கா,
தான்னு யாருமே சொல்லலையே அக்கா.

யாரும் சொல்லாத ஒன்றை
இவ்வளவு தெளிவாக நான் கேட்டதே இல்லை.
கண் ஒரு பக்கம் இழுக்க, காது ஒரு பக்கம் இழுக்க,
மண்டைக்குள் எவனோ பஞ்சாயத்து வைத்து
ரெண்டுக்கும் நடுவில் ஒன்றை எழுதியிருக்கிறான்.
என் கைநாட்டுகூட வாங்காமல்.

திரும்பி வரும் பஸ்ஸில்,
இருட்டிய கண்ணாடியில் வாயசைத்துப் பார்த்தேன்.
பணம்.
மனம்.
உதடு ஒரே மாதிரி மூடி
ஒரே மாதிரி திறந்தது.
மூக்குக்குள் நடப்பது
கண்ணுக்கு எப்படித் தெரியும்?
பக்கத்து சீட்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கவசத்துக்கு முந்தின ஜூன் அது.
பையன் ஃபீஸுக்கு எட்டாயிரம் கேட்டிருந்தேன்.
பிரெஸ் இறங்கியது. சகாயராணி என்னைப் பார்த்து
மனமில்ல
என்றாள்.
கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்,
அவள் குரலிலேயே.
நாலு மாசம் டப்பாவைத்
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாகத் திறந்தேன்.
அவளுடைய எலுமிச்சை ஊறுகாய் வாசம் மட்டும்
பன்னிரண்டரைக்குத் தவறாமல் வந்துபோகும்.
ஐப்பசியில் அவள் ஓசூர் கம்பெனிக்கு மாறிப்போனாள்.

நேற்று வீடியோ காலில் பிடித்தேன்.
குரல் முன்னே, உதடு பின்னே,
வைத்த குழம்பு, மழை, மருமகள்,
எல்லாவற்றையும் பொருத்திப் பொருத்திக் கேட்டேன்.
அன்னிக்கு பிரெஸ்கிட்ட என்ன சொன்ன ராணி?
எந்த அன்னிக்கு, என்றாள்.
சொன்னேன்.
யோசித்தாள். தலையாட்டினாள். வாயை மூடி
முதல் எழுத்துக்குத் தயாரானாள்.

படம் நின்றுவிட்டது.
சிக்னல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது
அவள் மூடிய உதட்டின் மேல்.