தலைக்கட்டுக் கணக்கு

மெனோங்கேயில் என்னிடம் கொடுத்தவை:
நானூறு படிவம், இரண்டு பேனா,
ஒரு கேன் பெட்ரோல்,
முதுகில் அரசு முத்திரை போட்ட மஞ்சள் சட்டை.
வண்டி ஓட்ட எவாரிஸ்ட்டோ.
மூன்றாம் நாளும்
படிவக் கட்டின் நூல் அவிழவில்லை.

மணல்.
சலித்த மரவள்ளி மாவைப்போல் வெள்ளை மணல்.
சக்கரம் சுற்றும், வண்டி நகராது.
இறங்கித் தள்ளும்போது அவன் சொல்வான்,
நம் காலுக்குக் கீழே தண்ணீர் நடக்கிறது என்று.
பெய்த மழையெல்லாம் இதற்குள் இறங்கிப் படுத்திருக்கிறது.
மெல்லக் கசிந்து ஆறாகி,
கடல் முகம் பாராமலே
எல்லைக்கு அப்பால் இன்னொரு மணலில் போய்த் தீர்கிறது.

சிவப்பு பூசிய கல் கண்டால் நின்றுவிட வேண்டும்.
வெள்ளைப் பக்கம் பாதை.
சிவப்புப் பக்கம் போர்.
முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று,
மண்ணுக்கடியில் இருப்பதற்குச் சேதி போகவில்லை.
அந்தப் பக்கம் புல் ஆளுயரம்.

ஐந்தாம் நாள் தூரத்தில் புகை.
அடுப்பென்று ஓடினோம்.
யாருமில்லை.
பள்ளத்தின் கரிமண் தானே கனன்றுகொண்டிருந்தது,
மேலே பச்சை, கீழே தணல்,
போன வறட்சியில் பிடித்தது.

ஆறாம் நாள் ஞாகலுங்கா.
மீன்கூடையை உதறியபடி பெயர் சொன்னாள்.
வயது?
"பாலத்தை வெடித்த வருஷம் முதல் பல் விழுந்தது."
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
பக்கத்து வீடு?
ஒற்றைமரத் தோணியில் இரண்டு பகல்.
வீட்டில் எத்தனை பேர்?
விரல் மடக்கினாள், நிறுத்தினாள்.
"இங்கே படுத்தவர்களா,
படுத்திருக்க வேண்டியவர்களா?"

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
குறித்த இரவில் கூரைக்கடியில் இருந்தோர் மட்டும்.
எவாரிஸ்ட்டோ கனைத்துக்கொண்டு
டயரைப் பார்க்கப் போனான்.

ஒன்று, என்றேன்.
"ஒன்றா," என்றாள்,
விலை பேசுகிறவளைப்போல.
பிறகு மரங்களில் தொங்கும் பட்டைக் கூடுகளைக் காட்டினாள்:
"பதினொன்று. ஒன்பதில் தேன் இருக்கிறது.
இவ்வளவு தூரம் வந்தாயே, அதையும் எழுதிக்கொள்."
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

இருபதாம் நாள் திரும்புகிறோம்.
புது வரைபடம் வருகிறதாம்,
மாகாணம் இரண்டாகுமாம், என்கிறான் எவாரிஸ்ட்டோ.
கோடு ஆற்றின் மேல் விழுந்தால்
அவள் கூடை ஒரு மாகாணத்தில்,
மீன் மற்றதில்.

நிரம்பியவை முப்பத்தொன்று.
மீதிக் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மணல் வந்ததும்
இறங்கித் தள்ளினேன்.