மாட்டுக்கொட்டில் கமெரா

வானத்தில் பிழையில்லை.
தண்ணித் தாங்கிக்கு மேலே பூட்டிய வெள்ளைத் தட்டு
ஐந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் ஓடுகிற ஒன்றை விட்டு
அடுத்ததைப் பிடிக்கிறது.
கேட்டால் நாற்பது மில்லிசெக்கனில் பதில்.
முப்பது அடி தள்ளி
மாட்டுக்கொட்டில் கமெராதான்
வாய் திறக்கவில்லை.

சம்பூரில் இரவு பதினொன்றரை,
தோகாவில் ஒன்பது.
செவலைக்கு இடுப்பெலும்பு இளகிவிட்டது, இன்றைக்குத்தான்.
அவன் சம்பளத்தில் வாங்கிய மாடு,
அவன் அனுப்பிய கமெரா.
"அக்கா, றீசெட் அடிச்சனீங்களா?"
அடித்தேன்.
"வயரைக் கழட்டிப் பூட்டினனீங்களா?"
பூட்டினேன்.
"லைற் பச்சையோ சிவப்போ?"
மஞ்சள்.
மஞ்சளுக்கு என்ன அர்த்தமென்று
குகப்பிரியனுக்கும் தெரியவில்லை.

போனில் வானத்தின் படம் ஒன்று வருகிறது:
நீல வட்டம், வடக்கோரம் சிவப்புத் திட்டு.
அது எங்கள் புளியங்கொப்பு.
காற்றடித்தால் நாலு செக்கன் எல்லாம் அறும்.
அது வேறு நோய்.

நோய் அலுமாரிக்கு மேலே இருந்தது.
பழைய றவுட்டரை நான் கழட்டவேயில்லை.
புதுசோடு கொழுவி விட்டிருந்தேன், பாவம் என்று.
192.168.1.1 நான்தான் என்று இரண்டும் சொல்லின.
ஒரு ஊருக்கு இரண்டு விதானையார்.
ஒருத்தர் எழுதிய பதிவு
மற்றவரின் கொப்பியில் இல்லை.
கிளிவெட்டி முகாமில் எங்களுக்கும் இப்படித்தான்,
கூடாரத்துக்கு ஒரு இலக்கம், அரிசிக்கு ஒரு இலக்கம்,
இரண்டும் பொருந்தாத கிழமை
வரிசையின் கடைசியில் நின்றோம்.

பழசை நிற்பாட்டி
அதன் பெயரையும் கடவுச்சொல்லையும்
புதுசுக்கு வைத்தேன்.
கமெரா ஏமாந்தது. அல்லது நம்பியது.
என் போனில் செவலையின் முதுகு,
சாம்பல் நிறத்தில், மூச்சு வாங்கியபடி.

"எனக்குத் தெரியுதில்லை அக்கா."

இன்னும் அரை மணித்தியாலம்.
பிறகுதான் விளங்கியது:
இந்தச் செய்மதிக்காரர்
நூறு வீட்டுக்கு ஒரே முகவரி கொடுக்கிறார்கள்.
வெளியிலிருந்து தட்ட
எங்கள் வீட்டுக்கென்று ஒரு கதவு இல்லை.
உள்ளே இருக்கிற ஆள்தான்
முதலில் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டேன்.
போனைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடி
கமெராவுக்குக் கீழேயே நின்று
வீடியோவில் அவனைக் கூப்பிட்டேன்.
வெள்ளைக் குளம்பு இரண்டு, மேலே ஈர மூக்கு.
அவன் அங்கே பங்க் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தான்,
பின்னால் இரண்டு நேபாளப் பொடியன்களும்.
செவலை ஒருதரம் முக்கியது.
காற்று வந்தது.

ஒன்று.
இரண்டு.
மூன்று.
நாலு.

"என்ன நடந்தது? அக்கா? நிண்டிட்டுது, அக்கா!"
வைக்கோலில் கன்று கிடந்தது,
காது இரண்டும் ஒட்டியபடி.
செவலை நக்கத் தொடங்கியிருந்தது.

நாகு என்றேன்.
விடியக் கொப்பை வெட்டுவன் என்றேன்.
"இப்ப என்னத்துக்கு" என்றான்.
ஆனால் போனை வைக்கவில்லை.