வெப்பம் வளைக்காத திசை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அந்த வாரம்
இரவு பத்திலிருந்து பன்னிரண்டரை எங்கள் முறை.
மின்வெட்டு அட்டவணையை உலையின் கதவிலேயே ஒட்டியிருந்தேன்,
அதுவும் படித்துக்கொள்ளட்டும் என்று.

உள்ளே பிளாட்டினக் கிண்ணம்,
கடோலினியமும் டங்ஸ்டனும் கரைந்த செந்திரவம்,
அதன் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும்
உளுந்தளவு விதைப்படிகம், சுழன்றபடி.
நாளுக்கு மூன்று டிகிரி குளிர வேண்டும்.
நாலு என்றால் முறுக்கிக்கொள்ளும்.

பதினொரு நாள் சொன்னபடி கேட்டது.
பன்னிரண்டாம் இரவு ஜெனரேட்டர்
மூன்று முறை இருமியது. அப்புறம் அதுவும் இல்லை.
ங்கோசிகோனா டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு
டீசல் குழாயை வாய்வைத்து ஊதினான்.
பிரனேஷ்னி பீங்கான் பஞ்சை
இரண்டு சுற்று, மூன்று சுற்று, உலைமேல் போர்த்தினாள்.
நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
905.
897.
880.
ஒரு எண் இறங்குவதை இவ்வளவு பக்கத்தில்
ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது நிமிடம்.

மாதக் கடைசியில் வெளியே எடுத்தோம்:
கட்டைவிரல் நீளம், இளம் ஊதா,
நடுவே ஒரு வெண்திரை, மூச்சுப் பட்ட கண்ணாடி போல.
பேராசிரியர் ஃபூரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு
“லேசருக்கு ஆகாது” என்றார். சரிதான்.
“மறுபடி வளருங்கள்.” வளர்க்கத்தான் போகிறோம்.

அதுவரை இதை அறுத்தோம்.
திரைக்கு மேலே ஆறு சிறு கட்டிகள், ஆறு கோணங்களில்.
ஒரு முகத்தில் ஒளியால் ஒரு தட்டு;
மறுமுகத்துக்குச் சூடு வந்துசேர எத்தனை மில்லிநொடி?
இந்தக் கல்லுக்குள் திசைகள் சமமில்லை.
ஒரு பக்கம் வெப்பம் ஓடுகிறது,
ஒரு பக்கம் செருப்பைத் தேய்த்து நடக்கிறது,
இன்னொரு பக்கம் கல்லே நீண்டு இடம் விடுகிறது.

சூடேறிய கல் கதிரை வளைக்கும்.
தார்ச்சாலையில் கானல் பார்த்தவர்களுக்கு
இதைச் சொல்ல வேண்டியதில்லை.
ஆனால் கணக்கு ஒரு சாய்வைக் காட்டுகிறது:
அங்கே கல் விரிவதும் ஒளிவிலகல் குறைவதும்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்,
பழைய கடனைப் பேசித் தீர்த்த பங்காளிகள் மாதிரி.

ஐந்தாவது கட்டியைச் சூடாக்கினோம்.
நாற்பது டிகிரி. அறுபது. தொண்ணூறு.
திரையில் சிவப்புப் புள்ளி
நான் பென்சிலால் போட்ட வட்டத்துக்குள்ளேயே இருந்தது.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு பிரனேஷ்னி கேட்டாள்:
“ஹீட்டர் ஆன்லதானே இருக்கு?”

தொட்டுப் பார்த்தேன்.
இந்தக் கொப்புளம் அதில் வந்தது.