இறங்க இடம்

புதுவயல் – காரைக்குடி டவுன் பஸ்ஸில்
ஜன்னலோரம் கிடைத்துவிட்டால்
வேடிக்கை பார்ப்பதில்லை நான்.
இறங்க இடம் பார்க்கிறேன்.

சீமைக்கருவேலங்காடு கூடாது.
அறுத்த வயல் பரவாயில்லை,
வரப்பு குறுக்கே வராவிட்டால்.
வற்றிய கண்மாய் உள்வாய் நல்ல இடம்,
கரையோரம் மின்கம்பி இல்லையென்றால்.
இருக்கிறது. எப்போதும் இருக்கிறது.

எஞ்சின் நின்றால் முதலில் மூக்கைத் தாழ்த்து.
அறுபது நாட் வேகத்தை விட்டுவிடாதே.
எழும்பிய கையோடு நின்றுபோனால்
ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காதே,
முன்னால் எது இருக்கிறதோ அதில் இறங்கு.
திரும்பப் பார்த்தவர்கள் கதையை
ஜோயல் வாயால் சொல்வதில்லை.
என் பயிற்றுநன், என்னைவிட ஒரு வயது இளையவன்.
உள்ளங்கையைச் சாய்த்து
மேசைமேல் குப்புறப் போடுவான், அவ்வளவுதான்.

எனக்கு நின்றது நூற்று அறுபத்தோராவது மணியில்.
எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது.

திரும்பினேன்.
நூற்றெண்பது பாகை,
ராத்திரி ரயிலில்,
மடியில் ஹெட்செட்டோடு.

வேண்டியது இருநூறு மணி.
அப்பா ரைஸ்மில்லில் கணக்கு எழுதுபவர்,
எதையும் மூட்டையில்தான் எண்ணுவார்.
மணிக்குப் பன்னிரண்டு மூட்டை புழுங்கல்.
மீதி முப்பத்தொன்பது மணிக்கு
நானூற்று அறுபத்தெட்டு
என்று எழுதியவர்
அடிக்கோடு போடவில்லை.
பேனாவை மூடவுமில்லை.

வங்கியில் தெய்வானை மேடம்
என் பறப்புப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.
'கிளம்பின ஊரும் சேர்ந்த ஊரும்
ஒண்ணாவே இருக்கேம்மா பக்கம் பக்கமா.
எங்கேயுமே போகலையா நீ?'

சுற்றிச்சுற்றி இறங்கப் பழகினேன் மேடம்.
ஒரே நாளில் பதினோரு தடவை.
இப்படிச் சொல்லியிருக்கலாம்.
போயிருக்கேன் மேடம் என்று
கடைசிப் பக்கத்தைக் காட்டினேன்,
தனியாக மூன்று ஊர், நானூறு கிலோமீட்டர்.
அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார்.

இன்றைக்கு அந்த ஜெராக்ஸோடு போகிறேன்.
மில் புகை வடகிழக்கே சாய்கிறது,
காற்று இருநூற்று நாற்பது பாகையிலிருந்து.
நல்ல எதிர்க்காற்று, தென்மேற்கு பார்த்து இறங்கலாம்.
ஆனால் கண்மாய்க்குள் யாரோ
மாடு கட்டியிருக்கிறார்கள்.
நேற்று இல்லை.
அந்த இடத்தை மனசுக்குள் அடித்துவிட்டு
கோட்டையூர் தாண்டி ஒரு செம்மண் பொட்டல் இருக்குமே,
அதற்காகக் காத்திருக்கிறேன்.

'எங்கேம்மா இறங்கணும்?'
என்கிறார் கண்டக்டர்,
இரண்டாம் தடவையாக.