பூச்சியம் தசம் ஏழு

செவ்வாய் காலை ஏழரைக்கே
கொப்பியை வரிசையில் வைத்துவிட வேண்டும்.
இன்று இருபத்துமூன்றாவது நான்.
முன்னால் கிண்ணியா வாத்தியார்,
பின்னால் நிலாவெளி உப்பளத்துப் பெடியன்,
மாதம் ஒரு ஊசி அவனுக்கு, இடுப்பில்.
கேற்றடியில் மூன்று மான்கள்
லன்ச் சீற்றை மென்றுகொண்டு நிற்கின்றன.
இந்த ஊரில் அவற்றுக்கும் எங்களுக்கும்
ஒரே மரியாதைதான்:
பார்ப்பார்கள்,
பிறகு பார்க்காததுபோல் போவார்கள்.

நேற்றிரவு எட்டுக்கு விழுங்கிய குளிசைக்கு
இன்று காலை எட்டுக்கு இரத்தம்.
சோமலதா மிஸ்ஸுக்கு என் இடக்கை நரம்பு பாடம்.
"தங்கச்சி, தண்ணி நல்லா குடிக்கிறதுதானே?"
குடிக்கிறேன் மிஸ். ஒரு கிணறு குடிக்கிறேன்.

நில அளவைக் கந்தோரில்
பதினாறு வருஷம் படம் கீறினவள்.
மயிர்க்கோடு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
இப்போது பேனையைப் பிடித்தால்
தரை எல்லாம் அலையடிக்கிறது.
கை நடுங்கலாம் என்று
டொக்டர் ரிஃப்கா முதலே சொன்னாதான்.
சொன்னது வேறு.
மாமியின் முன்னால் தேத்தண்ணிக் கோப்பை
சோசரில் கிணுகிணுப்பது வேறு.
கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள்.
முத்திரை குத்துகிறேன்.

இதுவும் ஒரு உப்புத்தானாம், கல்லுக்குள் இருப்பது.
அதனால் கறியுப்பைக் குறைக்காதே,
கௌரிக்காப்புக்கு உப்பில்லாப் பத்தியம் வேண்டாம்,
நாரிப்பிடிப்புக்குக் கடையில் குளிசை வாங்காதே,
வயிற்றோட்டம் என்றால் உடனே வா.
நாக்கில் எந்நேரமும்
பழைய ஐந்து சதத்தை வைத்த ருசி.

ஒருதரம் நிறுத்திப் பார்த்தேன்.
நன்றாயிருந்தேன்;
நன்றாயிருப்பவளுக்கு எதற்கு மருந்து?
மூன்றாம் கிழமை நடுக்கம் நின்றது.
கடவுளே, அந்தக் கை!
ஐந்து இரவு நித்திரை இல்லை, தேவைப்படவும் இல்லை.
கோடுகள் தாமாக வந்து படுத்தன.
சுவரில் தொங்கிய பழைய துறைமுகப் படத்தைப் பார்த்து
கொட்டியாறுக் குடாவை ஆழங்களோடு கீறினேன்,
நடுவில் ஒரு தீவையும்.
தீவுக்கு வீதி, கிணறு, பள்ளிக்கூடம்,
பதினெட்டுக் காணித்துண்டு.
பாண்காரருக்கு ஒன்று, மான்களுக்கு ஒன்று என்று
எழுதியே கொடுத்துவிட்டேன்.
காப்பு இரண்டையும் விற்று வள்ளம் பேசினேன்.
இறங்குதுறையில் சிவனருள் வந்து பிடித்தபோது
அவர் காதைக் கடித்தேன்.
தழும்பு இருக்கிறது.

அதன்பின் வந்த மாசி, பங்குனி பற்றி
எழுத ஒன்றுமில்லை.
சுவர் இருந்தது.
நான் அதன் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

பத்தரைக்குப் பேர் கூப்பிட்டார்கள்.
போன மாத இரத்தத்தின் விடை:
"பூச்சியம் தசம் ஏழு, சுபோஜினி. நல்லம்."

கடற்படத்தில் நீருக்குள் இலக்கம் போட்டிருக்கும்.
கப்பல்காரன் நீலத்தைப் பார்ப்பதில்லை,
இலக்கத்தைத்தான் பார்ப்பான்.
தசம் ஆறுக்குக் கீழே எனக்குத் தரை தட்டும்.
ஒன்றைத் தாண்டினால் மூழ்கும்.
இடையில் ஒடுக்கமாய் ஒரு வாய்க்கால்.
மகனின் ரியூசன் காசு, சனி முழுக்கு,
சம்பலுக்குத் தேங்காய்,
எல்லாம் அதற்குள்ளால்தான் போய்வருகின்றன.

அந்தப் படத்தைக் கிழித்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.
போன கிழமை அலுமாரியில்
அவருடைய சேட்டுகளுக்கு அடியில் கண்டேன்,
சுருட்டி, இறப்பர் வளையம் போட்டு.
ஏன் வைத்திருக்கிறீங்கள் என்றேன்.
"கோடு வடிவாயிருக்கு" என்றார்,
காதைச் சொறிந்துகொண்டு.

விரித்துப் பார்த்தேன். வடிவுதான்.
பதினேழாம் துண்டில் பேரில்லை,
'ஒதுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது.
யாருக்கென்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.
இரண்டு குளிசை, ஒரு செம்புத் தண்ணி.
பிறகு தீவைச் சுருட்டினேன்.
வளையத்தை மாட்ட
மூன்றுதரம் பிடித்தது.